வெள்ளிக்கிழமை எடுக்காத ரத்தம்

என் கணவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று நடந்து பதினெட்டு மாதமாகிறது. கொடுத்தது என் கொழுந்தனார். 17ஆம் நாள், கிருமியை முதலில் எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் 0.5ஐத் தாண்டி மூன்று நாள் இறங்காமல் நின்றதும், எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்றே நினைத்தோம். வந்தது முன்வரிசை மட்டும்தான். டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் தேற மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட ஆகும் என்பது கோலாலம்பூர் செந்தூல் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

ஆறாம் மாதம் சிடி4, அதாவது டி செல்களில் ஒரு வகையின் எண்ணிக்கை, பார்க்கச் சொன்னார்கள். அது 200க்குக் கீழே இருந்தால் நிமோனியாத் தடுப்பு மாத்திரையை நிறுத்த முடியாது. வெள்ளிக்கிழமை. ஜாலான் துன் ரசாக்கில் நெரிசல். போய்ச் சேர்ந்தது 12.20க்கு. வெள்ளித் தொழுகைக்காகக் கவுண்டர் 12.15க்கே மூடியாயிற்று, இனி 2.45க்குத்தான். கூட்டத்தில் உட்காரக் கூடாதவரை மாடிப்படி ஓரமாக உட்கார வைத்துக் காத்திருந்தேன். திறந்ததும் பாரத்தைப் பார்த்த அம்மணி, நிமிராமலே, "வெள்ளி மத்தியானம் சிடி4 எடுக்க மாட்டோம்" என்று மலாயில் சொல்லிவிட்டார். தேதி போட்டுக் கொடுத்ததே அவர்கள்தான்! உள்ளேயிருந்து வந்த ஒரு தம்பிதான் காரணம் சொன்னார்: ரத்தம் புதிதாக இருந்தால்தான் எண்ணிக்கை சரியாக வரும், சனி ஞாயிறு ஆளில்லை, குளிர்பெட்டியிலும் வைக்கக் கூடாதாம்.

திங்கள் மறுபடி போனோம். சிடி4க்கு எடுத்தார்கள். எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்க மட்டும் முடியவில்லை. காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும், இவர் பழக்க தோஷத்தில் எட்டு மணிக்கே விழுங்கியிருந்தார். அது என் தப்பு. செவ்வாய் மூன்றாம் நடை. இப்போதெல்லாம் மாத்திரை என் கைப்பையில்தான் வரும், ரத்தம் எடுத்த பிறகுதான் கொடுப்பேன். (ஈப்போ பொமெலோவும் வேண்டாம். மருந்தின் அளவை ஏற்றிவிடும் என்று மருந்தாளர் சொன்ன பிறகு, அத்தை கொண்டுவந்த நாலையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.)

சிடி4 முடிவு 148. பத்தாம் மாதம் 231! அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் தடுப்பூசி. சின்ன வயதில் போட்டதன் பலன் பெரும்பாலும் அழிந்துவிடும், முதலிலிருந்து போட வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில், "41 வயசுக்காரருக்குக் குழந்தை ஊசியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கைப்பேசியில் இருந்த கடிதத்தின் படம் செல்லவில்லை. நிபுணரின் கடிதத்தை முத்திரையோடு அசலாகக் கொண்டு போங்கள்.

இனி அம்மைத் தடுப்பூசி பாக்கி. உயிருள்ள கிருமி ஊசி என்பதால் 24 மாதம் முடிய வேண்டும், எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தும் நின்றிருக்க வேண்டும். போன வாரம் தேதி எழுதித் தந்தார்கள். என்ன கிழமை என்றுதான் முதலில் பார்த்தேன். புதன்.