கும்பல் வாழ்க்கைக் கதைகளில் ஒரு வீட்டைத் தேடி

அமெரிக்க நகரங்களின் போதைமருந்துக் கும்பல்களைக் களமாகக் கொண்டு அந்நாட்டுக் கறுப்பின எழுத்தாளர்கள் எழுதிய காதல் நாவல்களை விரும்பி வாசிப்பவள் நான். துப்பாக்கியும் கத்தை கத்தையாகப் பணமும் நிறைந்த மலிவான கதைகள் என்று பலர் இவற்றை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாதம் பிறந்தால் வாடகைக்குத் திண்டாட வேண்டாம், இரவில் வெளியே போனவன் உயிரோடு வீடு திரும்புவான் என்ற நிம்மதிக்கு ஏங்கும் பெண்களே இக்கதைகளின் உயிர்.

பெரிய பதிப்பகங்கள் கைவிரித்தபோது, டெரி வுட்ஸ் தன் முதல் நாவலைத் தானே அச்சிட்டுக் காரில் எடுத்துச் சென்று விற்றார். விக்கி ஸ்ட்ரிங்கர் சிறையில் இருந்தபடியே தன் முதல் நாவலை எழுதினார். வாழ்ந்து பார்த்தவர்களின் எழுத்து என்பதால்தானோ என்னவோ, இந்நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி எனக்குச் சலிப்பதே இல்லை. சமையலறை மேசையில் அவன் நோட்டுகளை எண்ணிக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருக்க, எதிரே நிற்பவள் "சேர்த்தது போதும், விட்டுவிடு" என்கிறாள்; அவனோ தலை நிமிராமல் "இந்த ஒரு தடவை மட்டும்" என்கிறான். அவள் கேட்பது நகையையோ காரையோ அல்ல, அவனோடு சேர்ந்து மூப்படையும் வாய்ப்பை.

அவனை இழந்துவிடுவோமோ என்ற அவளது அச்சத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, 500 கிராம் கொக்கைன் தூளுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச ஐந்தாண்டுச் சிறை, அதே கொக்கைனின் புகைக்கும் கட்டி வடிவமான கிராக்கின் வெறும் 5 கிராமுக்கே விதிக்கப்பட்டது. 1988இல் போதைமருந்துச் சதிக்கு உடந்தையாக இருந்தவர்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டதால், காதலனின் குற்றத்துக்காகக் காதலியும் சிறைக்குப் போனாள். கல்லூரி மாணவியாக இருந்தபோது போதைமருந்து வணிகன் ஒருவனைக் காதலித்த கெம்பா ஸ்மித்துக்கு, முன்குற்றம் ஏதும் இல்லாதபோதும், 24 ஆண்டுகளுக்கும் மேலான தண்டனை கிடைத்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அதிபர் கிளிண்டன் அதைக் குறைத்த பிறகே அவர் வெளியே வந்தார்.

சிஸ்டர் சோல்ஜா 1999இல் வெளியிட்ட 'தி கோல்டஸ்ட் விண்டர் எவர்' நாவலில், நியூயார்க்கின் புரூக்ளின் குடியிருப்பிலிருந்து லாங் ஐலண்ட் மாளிகைக்குக் குடிபோகும் குடும்பம், தந்தை கைதானதும் இருந்ததையெல்லாம் இழந்து சிதறிப்போகிறது. போதைமருந்துப் பணத்தில் வாங்கிய வீடு நிலைக்காது என்பதை இவ்வளவு உறுதியாகச் சொன்ன கதை வேறொன்று எனக்கு நினைவில்லை. பணம் வந்த வழியைக் கேளாமல், மாளிகையும் திருமணமுமாக முடியும் நாவல்கள் என்னை ஏமாற்றிவிடுகின்றன. கதாநாயகி தன் சொந்தச் சிகையலங்கார நிலையத்தை நடத்தி, வீட்டு ஒப்பந்தத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, காதலன் போதைமருந்துத் தொழிலை விட்டு வந்தால் மட்டுமே அவனுக்குக் கதவைத் திறக்கும் கதைகளைத்தான் தோழிகளிடம் வாசிக்கக் கொடுக்கிறேன்.