லேப் பில்டிங்ல கரண்ட் எங்க போகுது

பசுமைக் கட்டடம்னாலே கூரை மேல சோலார் பேனல் இருக்கான்னுதான் எல்லாரும் பாக்குறாங்க. ஆனா யுனிவர்சிட்டி ரிசர்ச் லேப்ல கரண்டை அதிகமா இழுக்குறது காத்துதாங்க. ஆபீஸ்ல உள்ள இருக்குற காத்தையே சுத்த விட்டுக்கலாம், கெமிக்கல் லேப்ல அது முடியாது, வெளிக்காத்தை இழுத்து சூடாக்கியோ குளுர வச்சோ உள்ள விட்டு, மணிக்கு 6 தடவை 10 தடவைன்னு மொத்தத்தையும் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கணும்.

ஃபியூம் ஹூட், அதாவது கெமிக்கல் புகையை வெளிய இழுக்குற பெட்டி, அது முன்னாடி ஏத்தி இறக்குற கண்ணாடி இருக்குல்ல, வேலை முடிஞ்சதும் அதை முழுசா இறக்கி விட்டா, காத்தை தானா குறைக்கிற சிஸ்டம் இருக்குற பில்டிங்ல ஃபேன் மெதுவாயிடும். காத்தை 20% குறைச்சா ஃபேன் இழுக்குற கரண்ட் கணக்குப்படி கிட்டத்தட்ட பாதியாயிடும்! தொறந்தே போட்டுட்டு போறதைப் பாத்தா எனக்கு மனசே கேக்க மாட்டேங்குது, அதுல நம்ம பாதுகாப்பும் சேந்துல்ல போகுது.

லேப்ல சாம்பிள் வைக்கிற மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரை மைனஸ் 70ல வச்சாலும் நிறைய சாம்பிளுக்கு ஒண்ணும் ஆகாது, கரண்டும் நல்லா மிச்சம்.

டிசைன் பண்றவங்க லேபையும் உக்காந்து எழுதுற ரூமையும் முதல்லயே தனித்தனியா பிரிச்சிடுங்க ப்ளீஸ், கம்ப்யூட்டர் முன்னாடி இருக்குறவருக்கு எதுக்கு மணிக்கு 10 தடவை காத்து மாத்தணும்?