ஜிபூட்டியைப் படிப்பது எப்படி: ஒரு சிறு கடலோர நாட்டை வரைபடத்திலிருந்து விடைத்தாள் வரை கொண்டுசெல்லும் முறை

குடிமைப் பணித் தேர்வுக்குத் தமிழில் படிப்பவர்களுக்குச் சிறிய நாடுகள் பெரும்பாலும் ஒரு பக்கக் குறிப்பாகவே வந்து சேர்கின்றன. தலைநகர், பரப்பளவு, நாணயம், அதிபர் பெயர், 'முக்கியத்துவம்' என்று ஐந்து புள்ளிகள். இரண்டு வாரத்தில் அதில் பாதி மறந்துபோகும். மீதிப் பாதி பக்கத்து நாட்டோடு கலந்துவிடும். இப்படிப்பட்ட நாட்டில் நிலம், பொருளாதாரம், அரசு மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தனித்தனியாகப் பிரித்துப் படித்தால் மூன்றுமே நினைவில் நிற்காது. ஜிபூட்டியை எடுத்துக்கொண்டு முழுமையாகச் செய்து பார்ப்போம். ஒரு மாலைப்பொழுது போதும்.

முதல் வேலை படம் வரைவது. புத்தகத்தை அதற்குப் பிறகு திறந்தால் போதும். ஒரு வெள்ளைத்தாளின் மேல்பகுதியில் செங்கடலைத் தெற்கே வரவரக் குறுகும்படி வரையுங்கள். இடப்பக்கம் ஆப்பிரிக்கா, வலப்பக்கம் ஏமன். இரண்டும் மிக நெருங்கும் இடம் பாப் எல் மாண்டப் நீரிணை, அகலம் ஏறத்தாழ 30 கி.மீ. நீரிணைக்குள், ஏமன் கரையை ஒட்டி ஒரு புள்ளி வையுங்கள். அது பெரிம் தீவு, ஏமனுக்கு உரியது. நீரிணைக்குத் தெற்கே கடல் கிழக்கு நோக்கி விரிந்து ஏடன் வளைகுடாவாகிறது. அந்தத் திருப்பத்தில், ஆப்பிரிக்கக் கரையில், கிழக்கே பார்த்துத் திறந்த வாய் மாதிரி ஒரு வெட்டு வரையுங்கள். அதுதான் தஜூரா வளைகுடா. கீழுதட்டில் ஜிபூட்டி நகரம். மேலுதட்டில் தஜூராவும், அதற்குக் கிழக்கே நீரிணைப் பக்கமாக ஓபோக்கும். வாயின் உள்கோடியில் கூபெத் என்ற குடா. அதைத் தாண்டி ஒரு எரிமலைப் பாறை மேடு, அதற்கப்பால் அசால் ஏரி.

இனி எல்லைகள். வடக்கே எரித்திரியா, மேற்கிலும் தெற்கிலும் எத்தியோப்பியா, தென்கிழக்கே சோமாலியா. சோமாலியா எல்லையின் மறுபக்கம் சோமாலிலாந்து நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஆனால் ஐ.நா. அதைச் சோமாலியாவின் பகுதியாகவே கொள்கிறது, விடைத்தாளிலும் அப்படியே எழுதுங்கள். நாட்டின் பரப்பு சுமார் 23,200 ச.கி.மீ., மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம், அதில் பெரும்பகுதி தலைநகரில். இந்த எண்களுக்கு இதைவிடத் துல்லியம் தேவையில்லை.

முதல்நிலைத் தேர்வில் இடறும் இடம் இந்தப் படத்திலேயே இருக்கிறது. செங்கடலைத் தொடும் நாடுகள் எவை என்று கேட்டால் சோமாலியாவையும் எத்தியோப்பியாவையும் சேர்த்துவிடுகிறார்கள். எகிப்து, சூடான், எரித்திரியா, ஜிபூட்டி ஒரு கரை. சவூதி அரேபியா, ஏமன் மறுகரை. அகபா வளைகுடாவையும் கணக்கில் எடுத்தால் ஜோர்டானும் இஸ்ரேலும் சேரும். சோமாலியாவின் வடகரை ஏடன் வளைகுடாவில்தான் இருக்கிறது. எத்தியோப்பியாவுக்கு 1993-இல் எரித்திரியா பிரிந்ததிலிருந்து கடற்கரையே கிடையாது. இந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டு வையுங்கள், பொருளாதாரப் பகுதி முழுக்க அதிலிருந்துதான் விரியும்.

நிலவியலுக்கு அதிக நேரம் கொடுங்கள். நூபியத் தட்டு, சோமாலியத் தட்டு, அரேபியத் தட்டு என்ற புவித்தட்டுகள் மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் சந்திப்பு அஃபார் பகுதி. செங்கடல் பிளவு, ஏடன் வளைகுடாப் பிளவு, கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு மூன்றும் இங்கே கூடுகின்றன. கடலடியில் நடக்க வேண்டிய புவியோட்டு விரிவை உலர்ந்த நிலத்தில் நின்று பார்க்கக் கூடிய சில இடங்களில் இது ஒன்று. 1978 நவம்பரில் அசாலுக்கும் கூபெத்துக்கும் இடையே அர்துகோபா எரிமலை வெடித்தது இதே பிளவால்தான். முதன்மைத் தேர்வில் தட்டு விலகலுக்குச் சான்று கேட்டால் எல்லோரும் ஐஸ்லாந்தை எழுதுவார்கள். அதோடு அசால் பிளவையும் ஆண்டோடு எழுதுங்கள்.

அசால் ஏரி கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 155 மீட்டரில் கிடக்கிறது, ஆப்பிரிக்காவின் மிகத் தாழ்ந்த இடம் அதுவே. உப்புச்செறிவு கடல்நீரைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஏன் இவ்வளவு? கூபெத்திலிருந்து கடல்நீர் வெடிப்புவிட்ட எரிமலைப் பாறை வழியாக ஏரிக்குள் கசிகிறது, வெளியேற வழியில்லை, கடும் வெயிலில் நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. இந்தக் காரணச் சங்கிலி தெரிந்தவர்கள் மூன்று குழப்பங்களிலிருந்து தப்பிக்கலாம். உலகிலேயே தாழ்ந்த நிலப்பகுதி சாக்கடல் கரை, அசால் இல்லை. தனாகில் பள்ளத்தின் தல்லோல் என்ற வெந்நீரூற்றுப் பகுதி எத்தியோப்பியாவில் இருக்கிறது, ஜிபூட்டியில் இல்லை. சுண்ணாம்புக் கூம்புகள் நிற்கும் ஆபே ஏரி எத்தியோப்பிய எல்லையில் இருப்பது, அவாஷ் ஆறு கடலைச் சேராமல் முடிவது அந்த ஏரிப் பகுதியில்தான், அசாலில் அல்ல.

தட்பவெப்பத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தலைநகரில் ஆண்டு மழை 150 மி.மீ. அளவே, ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை, பயிரிடத்தக்க நிலம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். விதிவிலக்காகக் கோடா மலையின் டே காடு இருக்கிறது. ஜிபூட்டி கௌதாரி என்ற மிக அருகிவிட்ட பறவை ஜிபூட்டியில் மட்டுமே வாழ்கிறது, அதன் முக்கிய வாழிடம் இந்தக் காடு. சுற்றுச்சூழல் வினாவுக்கு உதவும்.

விவசாயம் இல்லை, ஆறு இல்லை, பெரிய கனிமச் சுரங்கம் இல்லை. பிறகு நாடு எதில் வாழ்கிறது? இருக்கும் இடத்தில் வாழ்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை விளக்குவதுதான் பொருளாதாரப் பகுதியின் முழு வேலை. அதைத் துறைவாரியாக எழுதுவதைவிட ஆண்டு வரிசையில் எழுதினால் நன்றாகப் பிடிபடும்.

1862-இல் பிரான்ஸ் ஓபோக்கைப் பெற்றது. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்ததும் அந்தக் கரையின் மதிப்பு ஏறியது. நல்ல துறைமுகம் எதிர்க்கரையில் என்று கண்டபின் தலைமையிடம் ஜிபூட்டி நகருக்கு மாறியது. அங்கிருந்து தொடங்கிய ரயில் பாதை 1917-இல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவை எட்டியது. 1967 முதல் 1975 வரை சூயஸ் மூடிக்கிடந்தபோது துறைமுகம் படுத்துவிட்டது. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்: கால்வாய் ஆயிரக்கணக்கான கி.மீ. வடக்கே இருக்கிறது, அதன் கதவு மூடினால் இந்த ஊரின் அடுப்பு அணைகிறது. 2023 நவம்பரில் ஏமனின் ஹூத்திகள் தொடங்கிய செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியதையும் இதே தர்க்கத்தில் வைத்து எழுதலாம்.

அடுத்தது பலரும் தவறவிடும் ஆண்டு. எரித்திரியா பிரிந்தது 1993. ஆனால் எத்தியோப்பியாவின் சரக்கு மொத்தமாக ஜிபூட்டிக்குத் திரும்பியது 1998-இல். பிரிந்த பிறகும் எத்தியோப்பியா எரித்திரியாவின் அசாப் துறைமுகத்தைத்தான் பெரிதும் பயன்படுத்திவந்தது. 1998-இல் இரு நாடுகளும் போரில் இறங்கியதும் அந்த வழி அடைபட்டது. '1993 முதல்' என்று எழுதினால் காரணம் தவறிப்போகும், '1998 போருக்குப் பின்' என்று எழுதினால் திருத்துபவருக்கு உங்கள் புரிதல் தெரியும். இன்று எத்தியோப்பியாவின் வெளிவணிகத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இந்தத் துறைமுகங்கள் வழியாகவே போகிறது.

அதன்பின் வந்தவை இந்தச் சரக்கைக் கையாளக் கட்டியவை. தொராலே சரக்குப் பெட்டக முனையம் 2009-இல் வந்தது. துபாயின் துறைமுக நிறுவனமான டிபி வேர்ல்டு நடத்திவந்த அந்த முனையத்தை அரசு 2018 பிப்ரவரியில் கைப்பற்றியது. வழக்கு பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. அடிஸ் அபாபா–ஜிபூட்டி மின்ரயில் பாதை சுமார் 750 கி.மீ., வணிகப் போக்குவரத்து 2018 ஜனவரியில் தொடங்கியது, சீனக் கடனில் கட்டியது. நீளத்தில் பெரும்பகுதி எத்தியோப்பியாவில், ஜிபூட்டிக்குள் 100 கி.மீ.க்குக் கீழ். கடன்சுமை பற்றி எழுதும்போது இதைச் சேருங்கள்: பாதை இரண்டு நாட்டுக்கும் பொது, ஆனால் பத்து லட்சம் பேர் உள்ள நாட்டுக்கு அதே கடன் பல மடங்கு கனம்.

சார்பு ஒருவழியானது என்று எழுதிவிடாதீர்கள். 2011 முதல் ஜிபூட்டிக்கு எத்தியோப்பிய நீர்மின்சாரம் வருகிறது, 2017 முதல் எல்லை தாண்டிக் குழாயில் தண்ணீரும் வருகிறது. கூபெத் அருகே 60 மெகாவாட் காற்றாலை 2023-இல் திறந்தது இந்தச் சார்பைக் குறைக்கத்தான். எத்தியோப்பியாவும் ஒரே வாசலை நம்பியிருக்க விரும்பவில்லை. 2024 ஜனவரி 1-இல் சோமாலிலாந்தோடு கடல் அணுகலுக்காகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. சோமாலியா கொதித்தது. அதே ஆண்டில் ஜிபூட்டி தன் தஜூரா துறைமுகத்தை எத்தியோப்பியாவுக்குத் தர முன்வந்தது. ஒரே பெரிய வாடிக்கையாளரை இழக்கும் அச்சம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

நாணயத்தைப் பலர் 'ஜிபூட்டி பிராங்க்' என்ற பெயரோடு விட்டுவிடுகிறார்கள். 1949 முதல் அது அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டது, 1973 முதல் விகிதம் 1 டாலருக்கு 177.721. புழங்கும் பணத்துக்கு ஈடாக அன்னியச் செலாவணி இருப்பு வைக்கும் முறை இது. நன்மை: வணிகருக்கு நிலையான கணக்கு, விலைவாசியில் ஓரளவு கட்டுப்பாடு. இழப்பு: மந்தம் வரும்போது நாணய மதிப்பைக் குறைக்கவோ வட்டியைத் தன் விருப்பப்படி மாற்றவோ முடியாது. எத்தியோப்பியா 2024 ஜூலையில் தன் பிர்ர் நாணயத்தைச் சந்தை விகிதத்துக்கு விட்டபோது, டாலரோடு கட்டுண்ட ஜிபூட்டியின் கட்டணம் எத்தியோப்பிய இறக்குமதியாளருக்கு ஒரே அடியாகக் கனத்தது. இப்படி ஒரு எடுத்துக்காட்டு பத்து பொதுவான வரிகளுக்குச் சமம்.

படைத்தளங்களைப் பட்டியலிட்டால் மதிப்பெண் வராது, ஏன் என்பதோடு எழுத வேண்டும். பிரான்ஸ் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. லெமோனியே முகாமுக்கு அமெரிக்கா 2001 தாக்குதலுக்குப் பின் வந்தது. 2014 ஒப்பந்தப்படி அதன் வாடகை ஆண்டுக்கு 6 கோடி டாலருக்கு மேல். ஏடன் வளைகுடாக் கொள்ளையர்களை ஒடுக்க வந்த ஜப்பான் 2011-இல் தளம் திறந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் முதல் வெளிநாட்டுத் தளம். இத்தாலியும் இருக்கிறது. சீனாவின் முதல் வெளிநாட்டுத் தளம் 2017-இல் தொராலே அருகே வந்தது. போட்டியாளர்கள் எல்லோருக்கும் இடம் கொடுப்பதால் எவரும் இந்த நாட்டை அசைக்க விரும்புவதில்லை. வாடகை வருமானத்தோடு பாதுகாப்பும் கிடைக்கிறது.

இந்த இடத்தில்தான் அரசு அமைப்புக்குள் நுழைய வேண்டும். துறைமுகக் கட்டணம், தள வாடகை இரண்டும் நேராக அரசின் கைக்கு வருகின்றன. குடிமக்களின் வரியை அதிகம் நம்பாத அரசுக்கு அவர்களின் ஒப்புதலுக்கான நெருக்கடியும் குறைவு. இதை மனத்தில் வைத்து ஆண்டுகளைப் பாருங்கள்.

1967 வரை பெயர் பிரெஞ்சு சோமாலிலாந்து. அந்த ஆண்டின் பொதுவாக்கெடுப்புக்குப் பின் 'அஃபார், இஸ்ஸா பிரெஞ்சு ஆட்புலம்'. 1977 ஜூன் 27-இல் சுதந்திரம். பிரிட்டிஷ் சோமாலிலாந்தோடும் இத்தாலிய சோமாலிலாந்தோடும் இதைக் குழப்பாதீர்கள், அவை இரண்டும் 1960-இல் சேர்ந்து சோமாலியா ஆயின. சோமாலிய இனத்தைச் சேர்ந்த இஸ்ஸாக்கள், தனி இனமான அஃபார்கள் என்ற இரு சமூகங்களே நாட்டின் அடித்தளம். ஆட்சிமொழிகள் பிரெஞ்சும் அரபும், வீட்டில் பேசுவது சோமாலியும் அஃபாரும். முதல் அதிபர் ஹசன் குலெத் அப்திதோன், 1999 முதல் இஸ்மாயில் ஓமர் கெல்லே. சுதந்திரம் முதல் இரண்டே அதிபர்கள். அதிகாரத்தில் புறக்கணிக்கப்பட்டதாகக் கருதிய அஃபார்கள் 1991-இல் ஆயுதம் எடுத்தார்கள். 1994-இல் ஒரு பிரிவோடும் 2001-இல் எஞ்சியவர்களோடும் உடன்பாடு ஏற்பட்டது. அதிபர் இஸ்ஸா என்றால் பிரதமர் அஃபார் என்ற வழக்கம் இந்தச் சமநிலைக்காகவே.

1992 அரசியலமைப்பு பலகட்சி முறைக்கு வழிவிட்டது. 2010 திருத்தம் இருமுறை வரம்பை நீக்கியது, பதவிக்காலத்தை ஆறிலிருந்து ஐந்தாண்டாக்கியது, வேட்பாளருக்கு 75 வயது வரம்பு வைத்தது. அந்த வயது வரம்பையும் 2025 இறுதியில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. தேசிய அவையில் 65 இடங்கள். பழைய குறிப்புகளில் வயது வரம்பு இன்னும் இருப்பதாகவே எழுதியிருக்கும், அடித்துத் திருத்துங்கள்.

விடை எழுதும் முறைக்கு வருவோம். முதன்மைத் தேர்வில் 10 மதிப்பெண் வினாவுக்கு 150 சொல், கிடைக்கும் நேரம் ஏழு நிமிடம். 'சிறு நாடான ஜிபூட்டிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?' என்ற மாதிரி வினாவுக்கு முதல் ஒரு நிமிடத்தில் மேலே சொன்ன வாய் வடிவப் படத்தைச் சிறிதாகப் போடுங்கள். நீரிணை, தலைநகர், ரயில் பாதை மூன்றும் போதும். முன்னுரை இரண்டு வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. நடுப்பகுதியில் 1998 திருப்பம், தளங்கள், நாணயம் ஆகியவற்றை ஏன் என்பதோடு எழுதுங்கள். பலவீனத்துக்கு 30 சொல்லாவது ஒதுக்குங்கள். பலரும் கேந்திர முக்கியத்துவத்தைப் புகழ்ந்தே இடத்தை நிரப்பிவிட்டு, ஒரே வாடிக்கையாளர், கடன், வேலையின்மை என்ற மறுபக்கத்தைத் தொடாமல் விடுகிறார்கள்.

இந்தியத் தொடர்பைக் கேட்டால் உறுதியான மூன்று இருக்கின்றன. 2015 ஏப்ரலில் ஏமனிலிருந்து இந்தியர்களை மீட்ட ராஹத் நடவடிக்கைக்கு ஜிபூட்டிதான் தளம். 2017 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் பதவியேற்றபின் சென்ற முதல் வெளிநாடு இதுவே. கடற்கொள்ளைக்கு எதிராக 2009-இல் உருவான ஜிபூட்டி நடத்தை விதியில் இந்தியா 2020-இல் பார்வையாளராகச் சேர்ந்தது.

ஒரு வாரம் கழித்து, குறிப்பைப் பார்க்காமல் படத்தை மறுபடி போடுங்கள். பிறகு உங்களையே கேளுங்கள்: எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் சமாதானமாகி அசாப் திறந்தால்? டாலர் இன்னும் ஏறினால்? சீனாவும் அமெரிக்காவும் மற்றவரை வெளியேற்றச் சொல்லி ஜிபூட்டியை நெருக்கினால்? ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுத முடிந்தால் நாடு கைவசம்.

இதே முறை வேறு நாட்டுக்கும் பொருந்தும், ஆனால் தொடங்கும் இடம் மாறும். காம்பியாவுக்கு ஆற்றிலிருந்து தொடங்குங்கள், நாடே ஆற்றின் இரு கரையாகத்தான் செனகலுக்குள் நீள்கிறது. கயானாவுக்குக் கடற்சுவரிலிருந்து தொடங்குங்கள். மக்கள் வாழும் கரையோரம் உயர்அலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, 2019 டிசம்பரில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது அதே கரைக்கு அப்பால், வெனிசுலா உரிமை கோரும் எசெக்கிபோ பகுதி நாட்டின் மேற்கே.