ஆடித் தள்ளுபடி எஸ்எம்எஸ்: டிஎல்டியில் போன மூன்று வாரம்

மதுரையில் ஜவுளிக்கடை மார்க்கெட்டிங்கில் ஜூனியராகச் சேர்ந்தால் முதலில் கைக்கு வருவது கஸ்டமர் நம்பர் அடங்கிய எக்செல் ஃபைல்தான். "ஆடி பொறக்குறதுக்குள்ள எல்லாருக்கும் மெசேஜ் போட்ருங்க தம்பி" என்பார் முதலாளி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி டிஎல்டி, அதாவது கடையையும் அனுப்பும் செய்தியையும் டெலிகாம் கம்பெனி போர்ட்டலில் முன்கூட்டியே பதிவு செய்யும் முறை, இல்லாமல் இப்படி மொத்தமாக எதுவும் போகாது. ஆனி முதல் வாரமே அந்த வேலையில் உட்கார்ந்துவிடுங்கள்.

முதல் அடி, போர்ட்டலில் நுழையத் தேவையான ஓடிபியில் விழுந்தது. கடைக்கு டிஎல்டி பதிவு ஏற்கெனவே இருந்தது. ஆனால் முன்பு இருந்தவர் தன் சொந்த செல் நம்பரையும் மெயிலையும் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தார்; ஓடிபி அவருக்குத்தான் போனது. நம்பரை மாற்ற, போர்ட்டல்காரர்கள் லெட்டர்ஹெட்டில் அங்கீகாரக் கடிதம் கேட்டார்கள். முதல் கடிதம் சீல் இல்லை என்று திரும்பியது. இரண்டாவது, பான் கார்டில் முதலாளி பெயர், லெட்டர்ஹெட்டில் கடைப் பெயர் என்று திரும்பியது. இதை முதல் தடவையே சொல்லியிருந்தால் நான்கு நாள் மிச்சம். எங்களிடம் இரண்டு பெயரும் சேர்ந்து இருந்த காகிதம் ஜிஎஸ்டி சான்றிதழ். அதைக் கடிதத்தோடு இணைத்ததும் அடுத்த நாளே முடிந்தது. பதிவில் எப்போதும் கடையின் நம்பரையும் கடையின் மெயிலையும் மட்டும் கொடுங்கள். நாளை நீங்களும் வேறு வேலைக்குப் போகலாம்.

ஹெடர், அதாவது அனுப்புநராகத் தெரியும் அடையாளம், சிக்கலில்லாமல் கிடைத்தது. முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டிய செய்தி வாசகமான டெம்ப்ளேட்தான் படுத்தியது. தள்ளுபடிச் செய்தியை சேவைத் தகவலுக்கான சர்வீஸ் வகையில் போட்டால் நிராகரிப்பார்கள்; அது விளம்பரம், ப்ரொமோஷனல்தான். ப்ரொமோஷனல் என்றால் காலை 10 முதல் இரவு 9 வரைதான் போகும், விளம்பரம் வேண்டாம் என்று டிஎன்டி போட்டவர்களுக்குப் போகாது. இதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; பிறகு "என் மச்சானுக்கு வரலையே" என்ற கேள்வி வரும்.

அடுத்து தமிழ். டெம்ப்ளேட்டை, தமிழ் போன்ற எழுத்துகளுக்கான யூனிகோட் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதற்கு மேல் நீண்டால் செய்தி பகுதிகளாகப் பிரியும், தமிழில் பகுதிக்கு 67. புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். 'தள்ளுபடி' கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் எட்டு. எங்கள் செய்தி 150 வந்தது, அதாவது மூன்று எஸ்எம்எஸ் காசு. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு கிரெடிட் என்றால் 20,000 நம்பருக்கு 60,000 கிரெடிட். வாழ்த்து வரியை வெட்டி, கடைப் பெயர், சலுகை, தேதி மூன்றை மட்டும் வைத்து 68க்குக் கொண்டுவந்தோம். ஆங்கிலத்தில் அனுப்புகிறவர்களும் ரூபாய்க் குறியீட்டைப் போடாதீர்கள்; அந்த ஒரு குறி முழுச் செய்தியையும் யூனிகோடாக்கிவிடும்.

பெயர், முகவரி போல ஆளுக்கு ஆள் மாறும் இடத்துக்கு வேர் டேக் என்ற குறியைப் போடும்போது ஒரு டேக்குக்கு எழுத்து வரம்பு உண்டு. நீளமான கிளை முகவரியை ஒரே டேக்கில் திணித்தால் செய்தி போகாது. 2024 அக்டோபரிலிருந்து, முன்பே பதிவு செய்யாத லிங்க் இருந்தாலும் செய்தி நின்றுவிடும். மேப் லிங்க் வேண்டுமென்றால் அதையும் போர்ட்டலில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

எல்லாம் ஒப்புதலான பிறகும் முதல் சோதனை ஃபெயில். டெம்ப்ளேட்டை வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி எடுத்ததில் கடைசியில் ஒரு இடைவெளி கூடுதலாக வந்திருந்தது. பதிவான வாசகமும் அனுப்பும் வாசகமும் புள்ளி, இடைவெளி உட்பட அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். எனவே போர்ட்டலில் ஒப்புதலான வாசகத்தையே எடுத்து ஒட்டுங்கள். இரண்டாவது சோதனை ஃபெயிலானதற்குக் காரணம் செயின், அதாவது கடையையும் செய்தியை அனுப்பித் தரும் வெண்டரையும் போர்ட்டலில் இணைக்கும் பதிவு. எஸ்எம்எஸ் வெண்டரை நம் கணக்கில் டெலிமார்க்கெட்டராகச் சேர்த்தால் மட்டும் போதாது, அவரும் தன் பக்கம் ஏற்க வேண்டும். போன் போட்டு அவரை உட்கார வைத்துச் செய்ய வையுங்கள். போகாமல் நின்ற செய்திக்கும் கிரெடிட் கழியுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனையை வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கும் நான்கு போன்களுக்கு அனுப்பினோம். நான்கிலும் வந்தது. ஆடி 2, காலை 10.05க்கு முழுப் பட்டியலும் கிளம்பியது. பதினோரு மணிக்கு பில்லிங் கவுண்டரில் ஒரு அக்கா போனை நீட்டி, "இந்த ஆஃபர் பட்டுக்கும் உண்டா?" என்று கேட்டார்.