மோட்டார்ஹோமின் குடியிருப்புப் பகுதிக்கு எந்தப் பேட்டரி: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 4

வண்டியின் உட்பகுதிக்கு மின்சாரம் தரும் பேட்டரி தளர்ந்துவிட்டது. புதியதைத் தேடுவதற்கு முன், ஒரு நாளில் உண்மையில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதை அளந்துவிட வேண்டும் என்று, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்ப்ரசர் குளிர்பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கிறது. விட்டுவிட்டு ஓடினாலும் 24 மணி நேரத்தில் மொத்தம் 10 மணி நேரம் ஓடுவதாக வைத்தால் 40 ஆம்பியர்-மணி ஆகிறது. இரவெல்லாம் சுழலும் மின்விசிறிக்கு 16, மடிக்கணினிக்கும் கைபேசிகளுக்கும் 12, விளக்குகளுக்கு 5, தண்ணீர் பம்புக்கு 2. ஆக, ஒரு நாளைக்கு 75 ஆம்பியர்-மணி. 12 வோல்ட்டில் ஏறத்தாழ 900 வாட்-மணி. வானம் மூடிக்கிடந்தாலும், வண்டியை நகர்த்தாவிட்டாலும், இரண்டு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது எங்கள் தேவை. அதன்படி 150 ஆம்பியர்-மணி கையில் இருக்க வேண்டும். இனிப் பார்க்கும் எந்தப் பேட்டரியையும் இந்த எண்ணை வைத்தே மதிப்பிடப் போகிறேன்.

ஜனவரி 6

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியையே உள்ளேயும் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. அதன் தகடுகள் மெல்லியவை. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுத்துவிட்டு, உடனே எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வதற்காக அமைந்தவை. நாள்தோறும் பாதிவரை வடித்தால் அவை விரைவில் பழுதாகிவிடும். குடியிருப்புப் பகுதிக்குத் தடித்த தகடுகளைக் கொண்ட, ஆழ்ந்த மின்னிறக்கத்தைத் தாங்கும் வகையே வேண்டும்.

ஜனவரி 11

இன்று ஈய-அமில வகைகளை மட்டும் ஆராய்ந்தேன். மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் 100 ஆம்பியர்-மணி என்று இருந்தால், பெரும்பாலும் அது 20 மணி நேரக் கணக்கு. அதாவது தொடர்ந்து 5 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. அதையே வேகமாக எடுத்தால் கிடைப்பது குறைந்துவிடும் என்பதை 1897-இல் பியூகெர்ட் என்னும் ஜெர்மானிய அறிவியலாளர் சூத்திரமாகவே எழுதிவைத்தார். இதற்கு மேல், ஆயுளைக் காப்பாற்ற வேண்டுமானால் ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது பலரும் பின்பற்றும் வழக்கம். ஆகவே எங்கள் 150-க்கு 300 ஆம்பியர்-மணி வாங்க வேண்டும். ஏஜிஎம் என்பது அமிலத்தைக் கண்ணாடியிழை விரிப்பில் உறிஞ்சவைத்த ஈய-அமில வகை; அதில் 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒன்று ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். மூன்று வைத்தால் 90 கிலோ. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் தண்ணீருக்கும் மனிதர்களுக்கும் இடம் விட வேண்டிய நிலையில், இது சிறிய சுமை அன்று.

ஜனவரி 12

நேற்றைய கணக்கில் எடையை மட்டும் பார்த்தேன். மீண்டும் நிரப்ப ஆகும் நேரத்தை இன்று பார்த்தபோது, என் முடிவைத் தீர்மானிக்கப்போவது அதுதான் என்று தோன்றியது. ஈய-அமிலப் பேட்டரி முதல் 80 விழுக்காடு வரை மின்னேற்றத்தை நன்றாக ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பின் உள்ளே செல்லும் மின்னோட்டம் குறைந்துகொண்டே போய், கடைசி 20 விழுக்காடு நிறையப் பல மணி நேரம் ஆகும். எவ்வளவு பெரிய சார்ஜரை மாட்டினாலும் இந்தக் கடைசிப் பகுதியை விரைவுபடுத்த முடியாது. எங்கள் பயணத்திலோ இரண்டு மணி நேர ஓட்டம், சில மணி நேர நல்ல வெயில், அவ்வளவுதான். இதனால் பேட்டரி ஒவ்வொரு நாளும் முழுதாக நிரம்பாமலே மறுநாளுக்குள் நுழையும். அப்படி அரைகுறையாகவே கிடந்தால் தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, கொள்ளளவு படிப்படியாகக் குறையும். குடியிருப்புப் பேட்டரிகள் பல உரிய காலத்துக்கு முன்பே சாவதற்கு, அதிகம் பயன்படுத்தியதைவிட முழுதாக நிரப்பாததே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அமிலம் கூழாக இருக்கும் ஜெல் வகையும் இதற்கு விலக்கன்று. அதற்குக் கூடுதலாக, மின்னேற்ற அழுத்தத்தை (வோல்ட்) சற்றுக் குறைவாகவே வைக்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 19

லித்தியம் இரும்பு பாஸ்பேட். லித்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் தீப்பிடிக்கும் கைபேசிகளை நினைத்து வீட்டில் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலைக்கு ஒழுங்கான விடை சொல்ல வேண்டியது என் கடமை. இது வேறு வேதியியல். 1990-களில் ஜான் குட்இனஃப் குழுவினர் வெளிக்கொணர்ந்த இந்தப் பொருளில் ஆக்சிஜன் பாஸ்பரசுடன் வலுவாகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் ஆக்சிஜனை வெளிவிட்டு எரிய இடம் கொடுப்பதில்லை. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன்; படுக்கைக்கு அடியில் வைக்கத் தகுந்த அளவுக்கு அமைதியானது என்று சொல்வேன்.

ஒவ்வொரு செல்லும் 3.2 வோல்ட், நான்கைத் தொடராக இணைத்து 12.8 வோல்ட். கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தயங்காமல் எடுக்கலாம்; ஆகவே எங்களுக்கு 200 ஆம்பியர்-மணி போதும், எடையும் 25 கிலோவை ஒட்டியே வரும். பாதியில் நிறுத்தினாலும் சல்பேட் படியும் தொல்லை இல்லை. ஏறக்குறைய நிரம்பும்வரை முழு மின்னோட்டத்தையும் ஏற்றுக்கொள்கிறது.

இதன் பெரிய குறை குளிர். பூஜ்யம் டிகிரி செல்சியசுக்குக் கீழே மின்னேற்றம் செய்தால் லித்தியம் எதிர்முனைத் தகட்டிலுள்ள கிராஃபைட்டுக்குள் புகாமல் அதன்மேல் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் மீளாது. மின்சாரத்தை எடுப்பதற்கு அந்தத் தடை இல்லை. எனவே, குளிரில் மின்னேற்றத்தைத் துண்டிக்கும் வசதி இல்லாத பேட்டரியை, விலை எவ்வளவு இறங்கி வந்தாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். வாங்கும் பேட்டரியைச் சூடான உட்பகுதியில் வைக்கப் போகிறேன்.

ஜனவரி 25

பழையதைக் கழற்றி அதே இடத்தில் புதியதை மாட்டினால் போதும் என்று விளம்பரங்கள் சொல்வதை நம்பிவிடக் கூடாது. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் வழியாக நேரே இணைத்தால் ஆல்டர்னேட்டரால் முடிந்த அளவெல்லாம் இழுக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது குளிர்விக்கும் காற்றும் குறைவு என்பதால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடக்கூடும். புதிய வண்டிகளில் எஞ்சின் கணினியே ஆல்டர்னேட்டரின் அழுத்தத்தை ஏற்றி இறக்குவதால், சில வேளைகளில் மின்னேற்றத்துக்குப் போதிய அழுத்தமே கிடைக்காது. இரண்டுக்கும் தீர்வு, ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற அழுத்தத்துக்கும் அளவுக்கும் மாற்றித் தரும் ஒரு டிசி-டிசி சார்ஜரை இடையில் வைப்பது. 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் 60 ஆம்பியர்-மணி உள்ளே போகும். எங்கள் ஒரு நாள் செலவில் ஐந்தில் நான்கு பங்கு. தங்குமிடத்தின் மின்சாரத்தைப் பெறும் வெளி இணைப்புக்கான சார்ஜரிலும், சூரியத் தகட்டின் மின்னேற்றக் கட்டுப்படுத்தியிலும் லித்தியத்துக்குரிய அமைப்பு இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஈய-அமிலத்துக்கான சமன்படுத்தும் உயர் அழுத்தச் சுற்று கட்டாயம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 1

முடிவெடுக்கும் முன் மிச்சமிருந்த கேள்வி இன்வெர்ட்டர். 1500 வாட் கெட்டிலைப் போட்டால், இழப்பையும் சேர்த்து 12 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 140 ஆம்பியர் ஓடும். பேட்டரிக்குள் இருக்கும் மேலாண்மைச் சுற்று தொடர்ந்து 100 ஆம்பியரைத்தான் அனுமதிக்கும் என்றால், கொள்ளளவு எவ்வளவு இருந்தாலும் தண்ணீர் கொதிப்பதற்குள் மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் எண் இதுவே. ஆனால் பெரும்பாலோர் ஆம்பியர்-மணியை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். இரண்டு 100-களை இணையாக வைப்பதைவிட, 200 ஆம்பியர் தாங்கும் சுற்றுடன் கூடிய ஒரே 200 ஆம்பியர்-மணிப் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டுக்கும் இடையே சுமை சமமாகப் பிரிகிறதா என்று கண்காணிக்கும் வேலை இல்லை.

பெரும்பாலும் வெளி இணைப்பு உள்ள இடங்களிலேயே தங்குபவருக்கும், ஆண்டில் சில வார இறுதிகளில் மட்டும் வண்டியை எடுப்பவருக்கும் நல்ல ஏஜிஎம் பேட்டரியே போதுமானது. அவர்களிடம் இந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிப்ரவரி 8

பொருத்தியாயிற்று. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் இந்த வகைப் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒரே கணத்தில் பாய்ச்சக்கூடியது என்பதால், அவ்வளவையும் அறுத்து நிறுத்தும் திறனுள்ள டி (T) வகுப்பு ஃபியூஸை நேர்முனைக்கு மிக அருகில் வைத்தேன். எதிர்முனையில், செல்லும் மின்னோட்டத்தை அளக்கும் ஷண்ட் மானி. பழைய வோல்ட் மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல இனி முடியாது: பெரும்பகுதி மின்னிறக்கத்தின்போது அழுத்தம் 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு, இறுதியில் சட்டென்று சரியும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் கழிக்கும் மானிதான் நம்பத்தக்கது.

பிப்ரவரி 22

பயணம் முடிந்து மானியின் பதிவுகளைப் பார்த்தேன். நாள் செலவு 70-க்கும் 80-க்கும் இடையில் நின்றிருக்கிறது. ஓட்டம் இருந்த நாள்களில் மாலைக்குள் நிரம்பியும் இருக்கிறது. மின்னேற்ற அழுத்தத்தை 14.2 வோல்ட்டிலும், நிரம்பிய பின் தாங்கும் அழுத்தத்தை 13.5-இலும் வைத்திருக்கிறேன். அடுத்த சில வாரங்களுக்கு வண்டி நிற்கப்போகிறது. ஈய-அமிலம் என்றால் நிரப்பிவைக்க வேண்டும். இதற்கு அரைவாசியே நல்லது. ஆகவே 55 விழுக்காட்டுக்கு வந்ததும் சூரியத் தகட்டின் இணைப்பையும் முதன்மை சுவிட்சையும் அணைத்துவிட்டேன்.