குடம் எந்தப் பாட்டில் உடைகிறது?

மயிலைப் பூம்பாவை கதையைச் சொல்பவர்கள் பலரும் ஒரே இடத்தில் அவசரப்படுகிறார்கள். பாம்பு கடித்தது, சம்பந்தர் வந்தார், பதிகம் பாடினார், பெண் எழுந்துவிட்டாள் என்று ஒரு மூச்சில் முடித்துவிடுகிறார்கள். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை. பாட்டுக் கணக்கு வைத்துச் சொல்கிறார்.

முதலில் அந்தச் சாவு வீட்டைச் சொல்ல வேண்டும். சிவநேசர் வணிகர். மகளுக்கு வயது ஏழு. பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டுகிறது. மருத்துவர்களும் மந்திரக்காரர்களும் முயன்று பார்த்தும் பலிக்கவில்லை. விடம் தீர்ப்பவருக்கு நிதி தருவதாகப் பறையறைவித்தும் பயனில்லை. பிறகுதான் தகனம். 'இவளை முன்பே சம்பந்தருக்கென்று கொடுத்துவிட்டேன்' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் சேர்த்துக் கன்னிமாடத்தில் வைக்கிறார். பட்டு, மலர், சந்தனம், விளக்கு என்று உயிருள்ள மகளுக்குச் செய்வதுபோல அந்தக் குடத்துக்குச் செய்கிறார். இதை விட்டுவிட்டு, சம்பந்தர் வந்ததும் குடத்தை மட்டும் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்தால், கேட்பவருக்கு அது வெறும் குடம்தான். கதையில் பாதி நேரத்தை இங்கே செலவழித்தாலும் தகும்.

அடுத்தது பதிகம். இரண்டாம் திருமுறை, 47-ஆம் பதிகம், பண் சீகாமரம். இதில் பாம்பு பற்றியோ விடம் பற்றியோ 'உயிரோடு எழு' என்ற கட்டளையோ எதுவுமில்லை. முழுவதும் மயிலையின் விழாக்கள்தான். அடியார்க்கு அட்டிட்டல் (அமுது சமைத்துப் படைத்தல்), ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, நெய்ப்பூசும் புழுக்கலோடு தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி, பொற்றாப்பு (பொன்னூஞ்சல்), பெருஞ்சாந்தி. ஒவ்வொன்றையும் சொல்லி, 'காணாதே போதியோ பூம்பாவாய்' என்று கேட்கிறார். இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று ஒரு குழந்தையிடம் கேட்கும் கேள்வி. 'போதியோ' என்றால் 'போவாயோ' என்று பொருள். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் 'போதுமோ' என்று எடுத்துக்கொள்வார்கள்.

இனி அந்தக் கணக்கு. முதற்பாட்டில் குடத்துக்குள் பெண்ணுக்கு வடிவு கிடைக்கிறது. அடுத்த எட்டுப் பாட்டில் பன்னிரண்டு வயதுக்கு வளர்கிறாள். சமணரையும் சாக்கியரையும் (பௌத்தரையும்) சொல்லும் பத்தாம் பாட்டில்தான் குடம் உடைந்து வெளிப்படுகிறாள். எட்டுப் பாட்டும் குடத்துக்குள் நடக்கும் வளர்ச்சி. வெளியே நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. முதற்பாட்டிலேயே எழுப்பிவிட்டால் அந்தக் காத்திருப்பு போய்விடும்.

நேரமில்லை என்பது நியாயமான சிக்கல்தான். அதற்காக நடுவில் நான்கைந்து பாட்டுகளை வெட்டாதீர்கள், வயதுக் கணக்கு குலைந்துவிடும். முதலும் பத்தும் முழுதாக, இடையில் உள்ள எட்டுக்கும் ஈற்றடி மட்டும் என்று பாடினால் ஏழெட்டு நிமிடத்தில் முடியும். விழா வரிசை மாறாமல் இருப்பது முக்கியம். கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் இந்நிகழ்ச்சியை நடத்திக் காட்டுகிறார்கள். கேட்பவர்களில் பலர் அதைப் பார்த்தவர்களாகவே இருப்பார்கள்.

எழுந்த பெண்ணை மணக்கச் சம்பந்தர் மறுப்பதையும் தவிர்க்காதீர்கள். உயிர் கொடுத்தவருக்கு அவள் மகள் முறை. அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டால், சிவநேசர் ஏமாற்றப்பட்டதுபோல் ஆகிவிடும்.

திங்களூர் அப்பூதியடிகள் வீட்டுக் கதைக்கும் இதே கவனம் வேண்டும். அப்பருக்கு அமுது படைக்க வாழைக் குருத்து அரியப் போன பிள்ளையைப் பாம்பு கடிக்கிறது. அவன் குருத்தைத் தாயிடம் கொடுத்துவிட்டே விழுகிறான். அப்பர் அமுது செய்யாமல் போய்விடுவாரோ என்று பெற்றோர் உடலைப் பாயில் மறைக்கிறார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு அப்பூதியார் சொல்வது 'இப்போது இங்கு அவன் உதவான்' என்பதுதான். பொய்யில்லாத, ஆனால் தாங்க முடியாத சொல். இதை விளக்கவே வேண்டாம். சொல்லிவிட்டு நிறுத்தினால் போதும். அப்பர் பாடியதும் வேண்டுதலாக இல்லை. 'ஒன்றுகொலாம்' என்று தொடங்கிப் பாட்டுக்கு ஓர் எண்ணாகப் பத்து வரை எண்ணுகிறார். ஐந்தாம் பாட்டில் இறைவன் அணிந்த ஆடரவின் படம் (ஆடும் பாம்பின் படம்) வருகிறது, அந்த இடத்தில் குரலைச் சற்றே தாழ்த்துங்கள். பிள்ளை எழுந்த பிறகும் பெற்றோர் மகிழவில்லை. அப்பர் உண்ணத் தாமதமாயிற்றே என்றுதான் வருந்துகிறார்கள்.

சுந்தரர் பாடிய அவிநாசிக் கதை வேறு மாதிரி. ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. ஒத்த வயதுப் பிள்ளை முன்பே முதலை வாய்க்குப் போய்விட்டான். சுந்தரர் நேரடியாகவே கேட்கிறார்: 'கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே'. இது நான்காம் பாட்டு. விழுங்கப்பட்ட பிள்ளை இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு கரைக்கு வருகிறான். சிறுகுழந்தையாக வந்தான் என்று சொல்லிவிடாதீர்கள், எதிர்வீட்டில் பூணூல் போட்ட பிள்ளையின் வயதுதான் அவனுக்கும்.