எஃப்.ஜி.ஆர். லாங் கேஸ்: முதலில் வாரத்தைப் பிடியுங்கள்

மகப்பேறு முதுநிலைத் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். இனி நடுராத்திரியில் எழுப்பி யாரும் என்னிடம் டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்பார்கள், ஆனால் சம்பளத்தோடு.

தியரிக்கு சீனியர் நோட்ஸே போதும், அதை விடுங்கள். செய்முறையில் எனக்கு விழுந்த லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுதாக விசாரித்து, பார்த்துச் சொல்வது), ரத்த அழுத்தத்தோடு கருவில் குழந்தையின் வளர்ச்சி குன்றிய, அதாவது எஃப்.ஜி.ஆர். கேஸ். தருமபுரிப் பக்கம் வார்டுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை, அதனால் உங்களுக்கும் விழலாம்.

நோயாளிக்கு பென்னாகரத்துக்கு உள்ளே ஒரு ஊர். கணவருக்கு பெங்களூரில் கட்டட வேலை, இவரும் அங்கேயே சித்தாள். முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் பிறந்து 1.7 கிலோ. இப்போது லபெட்டலாலில் (ரத்த அழுத்த மருந்து) இருக்கிறார். கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டால் "ஞாபகம் இல்லீங்க". முந்தின நாள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் 28 வாரம் என்று இருந்தது. வயிற்றில் கை வைத்தாலும் 28. எல்லாம் பொருந்துகிறதே, எழுதிவிடலாம் என்று தோன்றும். கேஸே அங்கேதான் இருக்கிறது.

மெஷின் போடும் வாரம் என்பது தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளை வைத்துப் போடும் சராசரி. குழந்தை சின்னதாக இருந்தால் வாரமும் குறைவாகத்தான் காட்டும். அதையே வயதாக எடுத்துக்கொண்டால், குன்றிய குழந்தைக்கு நீங்களே நார்மல் என்று சான்றிதழ் கொடுத்த மாதிரி.

எங்கள் ஊரில் தேதி கேட்காதீர்கள், பண்டிகையைக் கேளுங்கள். "ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனீங்களா? அதுக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சீங்களா, பின்னாடியா?" என்றேன். "போயிட்டு வந்த அடுத்த வாரம்ங்க" என்று உடனே பதில் வந்தது. பெங்களூரில் எடுத்த முதல் ஸ்கேன், மாமியாரின் செல்போனில் போட்டோவாக இருந்தது. சி.ஆர்.எல். (கருவின் தலை முதல் பிட்டம் வரை நீளம்) 58 மி.மீ., அதாவது 12 வாரம் 2 நாள். இரண்டும் ஒத்துப்போயின. கணக்குப் போட்டால் 31 வாரம் தாண்டிவிட்டது. "ரிப்போர்ட்டில் 28 என்று இருக்கிறதே?" என்றார் எக்ஸாமினர். அப்புறம் கேட்டதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

என்னைப் போல மெதுவாகப் பேசுகிறவர்கள் ஹிஸ்டரிக்கே பாதி நேரம் கொடுங்கள். கடகடவென்று ஒப்பிக்க எனக்கு வராது, தேவையும் படவில்லை.

கேட்கப்பட்டவை:

- வயிற்றுச் சுற்றளவு எடுக்கும் தளம்: இரைப்பைக் குமிழ், கல்லீரலுக்குள் போர்ட்டல் சைனஸோடு சேரும் தொப்புள் சிரை. சிறுநீரகம் தெரியக் கூடாது. அளக்கும் எலிப்ஸ் (நீள்வட்டம்) தோலின் வெளிவிளிம்பில்.
- ஸ்கேன் அளவுகளிலிருந்து ஹாட்லாக் சூத்திரம் போடும் எடையில் 10-15 சதவீதம் பிழை சகஜம். அதனால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி எடை பார்த்து "வளரவில்லை" என்று சொல்லக் கூடாது. டாப்ளர் வேறு, அதை அடிக்கடி பார்க்கலாம்.
- டெல்ஃபி 2016 (வளர்ச்சி குன்றியதற்கு நிபுணர்கள் ஒத்துக்கொண்ட வரையறை): 32 வாரத்துக்கு முன், பின் என்று பிரித்துச் சொல்லுங்கள். எடையோ வயிற்றுச் சுற்றளவோ 3ஆம் சென்டைலுக்குக் கீழ் (அதே வாரக் குழந்தைகள் நூறில் கடைசி மூன்று) என்றால் அதுவே போதும்.
- தொப்புள்கொடி டாப்ளர்: மிதக்கும் கொடியில், குழந்தை மூச்சசைவு இல்லாதபோது. இவருக்கு பி.ஐ. (ரத்த ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் எண்) 95ஆம் சென்டைலுக்கு மேல், ஆனால் டயஸ்டோலில் (இதயம் விரியும் நேரத்தில்) ஓட்டம் இருந்தது.
- 32 வாரத்துக்குப் பின் கொடி டாப்ளர் நார்மல் என்றால் நிம்மதி அடையாதீர்கள். எம்.சி.ஏ. (குழந்தையின் மூளைத் தமனி) பார்த்து சி.பி.ஆர். (அதன் பி.ஐ.யைக் கொடியின் பி.ஐ.யால் வகுத்தது) சொல்லுங்கள்.

பிரசவம் எப்போது என்பதுதான் கடைசிக் கேள்வி. பி.ஐ. மட்டும் அதிகம் என்றால் 37 வாரம் வரை இழுக்கலாம். டயஸ்டோலில் ஓட்டம் நின்றால் 32-34 வாரம், திரும்பி ஓடினால் 30-32. குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு, 32 வாரத்துக்குள் என்றால் மூளைப் பாதுகாப்புக்கு மெக்னீசியம் சல்பேட், இரண்டையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வாரம் ஒருமுறையாவது டாப்ளர் என்பது புத்தக பதில். சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ வருகிறவரிடம் "வாரா வாரம் வாங்க" என்று சொல்லி அனுப்ப மாட்டேன், அட்மிஷன் போடுவேன் என்றேன். எக்ஸாமினர் மேடம் மறுப்பே சொல்லவில்லை.

இன்னொன்று. தருமபுரி என்று தெரிந்தாலே பெண்சிசுக்கொலைக் கேள்வி வந்துவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் தயாராகப் போங்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டம், 2003 திருத்தம், முதல் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். குழந்தையின் வளர்ச்சி பார்க்கும் க்ரோத் ஸ்கேனுக்கும் படிவம் எஃப் (அந்தச் சட்டப்படி கர்ப்பிணி ஸ்கேனுக்கு நிரப்பும் பதிவு) உண்டு, பதிவேடுகளை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். என்னோடு எழுதியவர் இந்தக் கடைசி வரியில்தான் திணறினார்.